பத்தாம் பின்னுக்கு நேர்ப்பந்து போதும்

பந்தை உருட்டிப் பத்து பின்களைச் சாய்க்கும் பௌலிங் ஆட்டத்தைக் கற்க வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே கேட்பது, போகும் வழியில் வளையும் ஹுக் பந்துதான். ஸ்பேர், அதாவது முதல் பந்தில் மிஞ்சிய பின்களை இரண்டாம் பந்தில் சாய்ப்பது, எப்படி என்று கேட்பவர்கள் அபூர்வம். சரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டத்தின் பத்து ஃபிரேமிலும் (சுற்றிலும்) முதல் பந்தில் ஒன்பது பின்னைச் சாய்த்து, மிச்சமான ஒன்றை விட்டுக்கொண்டே போனால் மொத்தம் 90. அந்த ஒன்றையும் தவறாமல் எடுத்து, கடைசிக் கூடுதல் பந்திலும் ஒன்பதைச் சாய்த்தால் 190; ஸ்பேர் எடுத்தால் அடுத்த பந்தின் எண்ணிக்கையும் அந்தப் பத்தோடு சேரும். முதல் பந்திலேயே பத்தையும் சாய்க்கும் ஸ்ட்ரைக் ஒன்றுகூட இல்லாமல்!

வலக்கைக்காரர்களை அதிகம் படுத்துவது பத்தாம் பின். வலப்பக்கக் கடைசி மூலையில் நிற்கும். முதல் பந்து பாக்கெட்டில் (ஒன்றாம், மூன்றாம் பின்களுக்கு இடையே) கச்சிதமாகப் போனாலும் சில நேரம் இது மட்டும் அசையாது. நம்மாட்கள் பந்து ஓடும் லேனைத் திட்டிவிட்டு அதே ஹுக்கை மறுபடி போடுவார்கள். பொழுதுபோக்கு மையங்களில் வழக்கமாக லேனின் நடுவில் ஆயில் அதிகம், ஓரங்களில் குறைவு. குறுக்கே வலப்பக்கம் போகும் ஹுக் பந்து, காய்ந்த ஓரத்தைத் தொட்டதும் பிடிமானம் கிடைத்து இடப்பக்கம் திரும்பிவிடும். பத்தாம் பின் சிரித்துக்கொண்டு நிற்கும்.

அதனால்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் ஸ்பேருக்கென்றே பிளாஸ்டிக் பந்து ஒன்று வைத்திருக்கிறார்கள். அது லேசில் வளையாது. வேடிக்கை என்னவென்றால், மையத்தின் ரேக்கில் இருக்கும் ஹவுஸ் பால்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்தான். நேராகப் போகும் பந்து ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

நிற்க வேண்டிய இடம் இடப்பக்கம். ஃபவுல் லைனுக்கு (கால் தாண்டக் கூடாத கோடு) ஏறத்தாழ 15 அடி தள்ளி லேனில் ஏழு ஆரோ குறிகள் இருக்கும். நடு ஆரோவைப் பாருங்கள், பின்னை அல்ல. 60 அடி தூரத்தில் இருப்பதைப் பார்த்துக் குறிவைப்பது கடினம். தோளும் நடையும் அந்த ஆரோவை நோக்கியே இருக்கட்டும். பந்து பின்னுக்கு இடப்பக்கம் போனால் அடுத்த முறை ஒரு போர்டு (தரைப் பலகை ஒன்றின் அகலம்) இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள். வலப்பக்க ஓரப் பள்ளமான கட்டரில் விழுந்தால் ஒரு போர்டு வலப்பக்கம். குறியை மட்டும் மாற்றாதீர்கள். காலை ஒரு போர்டு நகர்த்தினால், பின் நிற்கும் இடத்தில் ஏறத்தாழ மூன்று போர்டு மாறும்.

இனி கை. ஹுக்குக்கு, பந்தை விடும்போது கை கைகுலுக்கும் நிலைக்குத் திரும்பும். நேர்ப்பந்துக்கு அந்தத் திருப்பமே கூடாது. உள்ளங்கை பந்தின் பின்னாலேயே இருக்க, கட்டைவிரல் 12 மணி திசையைக் காட்ட, விட்ட பிறகும் உள்ளங்கை மேல்நோக்கி உயர வேண்டும். முழங்கை வெளியே விரிந்தால் பந்து தானாகச் சுழலும். கட்டைவிரல் துளை தளர்வாக இருந்தால் ஆட்கள் பந்தை இறுக்கிப் பிடிப்பார்கள், அதிலும் மணிக்கட்டு திரும்பிவிடும். வேறு பந்து எடுத்துக்கொள்ளுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

பத்தோடு, அதற்குச் சற்று முன்னால் இடப்பக்கம் நிற்கும் ஆறாம் பின்னும் சேர்ந்து நின்றாலும் இதே முறைதான். ஆனால் பந்து ஆறாம் பின்னை இடப்பக்கம் உரசினால், ஆறு பத்துக்கு முன்னாலேயே பறந்துபோகும், பத்து நின்றுவிடும். இதைத்தான் லேனில் ‘சாப்’ என்பார்கள்.

ஒன்றில் மட்டும் நான் கறாராக இல்லை. இரண்டாம் பின்னுக்கு நேர் பின்னால் எட்டாம் பின் ஒளிந்து நிற்கும் ‘ஸ்லீப்பர்’ அமைப்பில், நேர்ப்பந்து முன்னால் நிற்கும் இரண்டாம் பின்னைச் சற்று ஓரமாகத் தொட்டாலும் விலகிப்போகும். அங்கே ஹுக் கைவந்தவர்கள் ஹுக்கையே போடலாம்.