1700000000 என்பது எந்தத் தேதி?

கணினியின் பதிவுக் கோப்புகளில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் 1700000000 போன்ற நீண்ட எண் நிற்கும். 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடி என்பதே அது. பெயர் யூனிக்ஸ் நேரம்.

இதைத் தாளிலேயே தேதியாக்கலாம். ஒரு நாளின் 86,400 விநாடியால் வகுத்தால் ஈவு 19,675, மீதி 80,000. மீதியில் 22 மணி நேரம் போக 800 விநாடி, அதாவது 13 நிமிடம் 20 விநாடி. ஆக, நேரம் 22:13:20. இனி நாள்கள். 1970 முதல் 2022 முடிய 53 ஆண்டுகளில் 13 லீப் ஆண்டுகள். மொத்தம் 19,358 நாள். கழித்தால் 317. அக்டோபர் முடிய 304 போனால் 13 மிஞ்சும். நவம்பரில் 13 நாள் முடிந்து 14 நடக்கிறது: 2023 நவம்பர் 14. 1970 ஜனவரி 1 வியாழக்கிழமை. 19,675ஐ 7ஆல் வகுத்த மீதி 5, ஆகவே செவ்வாய்.

புவியின் சுழற்சியோடு கடிகாரத்தைப் பொருத்த 1972 முதல் சேர்க்கப்பட்ட 27 லீப் விநாடிகளை யூனிக்ஸ் நேரம் எண்ணுவதில்லை. 86,400ஆல் நேராக வகுக்க முடிவது அதனால்தான்.

கணக்கு எளிது, தவறு நேர்வது வேறு இடங்களில். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் தேதிகளைக் கையாளும் டேட் (Date) மில்லிவிநாடியை எதிர்பார்க்கும். விநாடி எண்ணை அப்படியே கொடுத்தால் 1970 ஜனவரி 20 என்று காட்டும். திரையில் 1970 ஜனவரி தெரிந்தால் முதலில் அலகைச் சந்தேகியுங்கள். இன்றைய தேதிகளுக்கு விநாடி என்றால் 10 இலக்கம், மில்லிவிநாடி என்றால் 13, மைக்ரோவிநாடி என்றால் 16.

அடுத்தது நேர மண்டலம். மேற்கண்ட எண் இந்திய நேரத்தில் நவம்பர் 15, அதிகாலை 3:43:20, தேதியே மாறிவிடுகிறது. இதற்காக எண்ணோடு 19,800 விநாடியைக் கூட்டுவது கெட்ட பழக்கம். பின்னால் வரும் வேறொரு நிரல் முறைப்படி மாற்றும்போது ஐந்தரை மணி நேரம் இரண்டாம் முறையும் ஏறும். எண்ணைத் தொடாதீர்கள், மாற்றும் செயற்கூறிடம் மண்டலத்தின் பெயரைக் கொடுங்கள்.

காட்டும் தேதியோடு மண்டலத்தையும் அச்சிடுவது அவசியம். 2023 நவம்பர் 5 அன்று நியூயார்க்கில் கோடை நேரம் முடிந்து, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்பட்டது. அதனால் 1699162200, 1699165800 இரண்டுமே அங்கே அதிகாலை 1:30தான். யுடிசியிலிருந்து முதலாவது 4 மணி நேரம் பின்னே, அடுத்தது 5 மணி நேரம். அந்த வித்தியாசத்தை எழுதாமல் விட்டால், தேதியிலிருந்து பழைய எண்ணை மீட்க வழியே இல்லை.