ஒரு காது போனால் 40 சதவீதம் கிடைக்குமா? செவித்திறன் பரிசோதனையும் மாற்றுத்திறனாளி சான்றும்

"ஒரு காது சுத்தமா கேக்கல, கார்டு கிடைக்குமா?" ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பனிலிருந்து தொண்டி வரை காது விஷயமாக யார் பேச வந்தாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். மாற்றுத்திறனாளி கார்டு கிடைக்கும். ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு அது போதாது. காரணம், சதவீதம் போடும் கணக்கில் இருக்கிறது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. இரண்டு காதிலும் பேச்சொலி அலைவரிசைகளில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் அவர் செவித்திறன் குறைந்தவர். 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர். சதவீதத்துக்கு 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அலைவரிசைகளின் சராசரியை எடுத்து, அட்டவணைப்படி ஒவ்வொரு காதுக்கும் தனியாக ஒரு சதவீதம் எழுதுவார்கள். பிறகு நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை 5-ஆல் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, 6-ஆல் வகுப்பார்கள். ஒரு காது முழுதும் போய் (100), இன்னொரு காது நன்றாக இருந்தால் (0), விடை 17-ஐக் கூடத் தொடாது. ஒரு காது 100 என்றாலும் அடுத்த காதில் 28 சதவீதமாவது இழப்பு இருந்தால்தான் 40 வரும். அந்த 40-தான் வாசல்படி. வேலைவாய்ப்பு ஒதுக்கீடு, இலவசக் காதொலிக் கருவி, வருமான வரிக் கழிவு எல்லாமே அதற்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

இந்தக் கணக்கை முதலிலேயே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம். 40 வராது என்பதால் பரிசோதனையும் வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பேச்சு அரைகுறையாகக் கேட்கும் பலருக்கு 40 வராது. ஆனாலும் அவர்களில் பலருக்கு மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ கருவியாலோ கேட்கும் திறனைக் கூட்ட முடியும். நம் ஆட்கள் சான்றுக்கு அலையும் அளவுக்கு சிகிச்சைக்கு அலைவதில்லை என்பது என் வருத்தம்.

அதற்கு ஒரு காரணம், கடல்காரர்கள் எல்லாவற்றையும் தண்ணீர் மேல் போட்டுவிடுவது. "தண்ணி பூந்திருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிரும்." சில சமயம் உண்மைதான். சங்கு குளிக்கிறவர்களுக்கும் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் பல நேரம் விஷயம் வேறு. 10 மீட்டர் ஆழத்தில் காதின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. மூக்கைப் பிடித்து ஊதி உள்ளேயும் காற்றைச் சமன் செய்யாவிட்டால் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு வலிக்கும், கிழியவும் செய்யும். சளி பிடித்த நாளில் இந்தச் சமன் செய்வது நடக்காது. பாசி எடுப்பது ஆழம் குறைவான இடத்தில்தானே என்று நினைக்க வேண்டாம், மேல்மட்டத்தில்தான் ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் காதுக்குள் இருக்கும் காற்று அதிகமாகச் சுருங்குகிறது. கிழிந்த பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். காது நனையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்த நேரத்தில் சூடு பண்ணிய எண்ணெயை ஊற்றுவதும், வலியோடு மறுபடி மூழ்குவதும்தான் அதைச் சீழ் வடியும் காதாக மாற்றுகின்றன. மூடாத ஓட்டையை அடைக்க அறுவை சிகிச்சை இருக்கிறது.

இன்ஜின் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு வருவது வேறு வகை. 85 டெசிபல் சத்தத்தில் தினம் 8 மணி நேரம் என்று வருடக்கணக்கில் இருந்தால் உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் சாகும். அவை திரும்ப முளைப்பதில்லை. கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அந்தச் சத்தம் காதுக்கு ஆகாதது. இந்த இழப்பு 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்கும், வலி இருக்காது. "சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் விளங்கல" என்று ஆள் சொல்ல ஆரம்பிக்கும்போது பல வருடம் போயிருக்கும். காதில் நுரைப் பஞ்சு அடைப்பான் வைத்தால் பெரிதும் தடுக்கலாம், விலையும் அதிகமில்லை.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. காலையில் எழுந்தபோது, அல்லது ஒன்றிரண்டு நாளுக்குள், ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசர நோய். ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு; இரண்டு வாரம் கடந்தால் பலன் மிகவும் குறைந்துவிடும். அன்றைக்கே ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள்.

பரிசோதனைக்கு எங்கே போவது? முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். காதுக்குள் பார்த்து அழுக்கு, சீழ், ஓட்டை இருக்கிறதா என்று சொல்வார்கள். அழுக்கு மட்டும்தான் என்றால் கதை அங்கேயே முடியலாம். அடுத்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஈஎன்டி பிரிவு. 2022-ல் கல்லூரி வருவதற்கு முன் மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்த அதே இடம்தான். அங்கே செய்யும் முக்கியப் பரிசோதனையின் பெயர் பியூர் டோன் ஆடியோமெட்ரி. சத்தம் அடைத்த அறையில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய 'பீப்' ஒலிகளை ஒவ்வொன்றாகத் தருவார்கள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அல்லது பட்டனை அழுத்த வேண்டும். பிறகு காதின் பின் எலும்பில் ஒரு சிறு அதிர்வியை வைத்து அதையே திரும்பச் செய்வார்கள். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாகக் கேட்காவிட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. இரண்டு வழியிலும் குறைந்தால் உட்காது அல்லது நரம்பு.

கைக்கு வரும் வரைபடத்தில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. குறிகள் எவ்வளவு கீழே இறங்குகின்றனவோ அவ்வளவு இழப்பு. அந்தத் தாளின் நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

கடலுக்குப் போய்விட்டு வந்து அதே நாளில் பரிசோதனைக்கு உட்காரக் கூடாது. இன்ஜின் சத்தத்தில் காது தற்காலிகமாக மந்தித்திருக்கும். உண்மை அளவு வராது. முந்தின நாளிலிருந்தே சத்தத்தை விட்டு விலகியிருந்து போவது நல்லது. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. ராமேஸ்வரம், மண்டபம் ஆட்கள் பரிசோதனை, சான்று, வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துக்கொள்ளலாம். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அவர்கள்தான் ஒரு நாளை ஒதுக்க வேண்டும்.

குழந்தைகள் விஷயம் தனி. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ என்பதுதான் உலகம் முழுக்க வைக்கப்பட்டிருக்கும் கெடு. உட்காது ஒலிக்குத் தரும் எதிரொலியை அளக்கும் ஓஏஇ என்ற சோதனையைக் குழந்தை தூங்கும்போதே செய்யலாம், வலி இல்லை. சந்தேகம் வந்தால் பெரா என்ற சோதனை, ஒலிக்கு நரம்பு தரும் பதிலை நேரடியாக அளக்கும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தைகளின் பெற்றோர், கர்ப்பத்தில் ரூபெல்லா வந்த தாய்மார்கள் இதை விடவே கூடாது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்பிஎஸ்கே என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவும் காதைப் பார்க்கிறது, அவர்களிடம் சொல்லலாம்.

இரண்டு காதும் பிறவியிலேயே கேளாத, கருவியாலும் பயன் இல்லாத 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை) செய்யப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை பாதிதான்; அதன் பிறகு பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் விடாமல் போனால்தான் குழந்தை பேசும். தீவுப் பக்கத்துக் குடும்பங்கள் இந்தப் போக்குவரத்தைத் திட்டமிடாமல் இறங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இனி சான்று. விண்ணப்பம் யுடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டைக்கான ஸ்வாவலம்பன் இணையதளத்தில்தான். இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று போதும். ஈஎன்டி டாக்டர் பரிசோதித்து சதவீதம் போடுவார். சொல்லும் பதிலில் சந்தேகம் இருந்தால் பெராவும் கேட்பார்கள், அதைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 விதித் திருத்தத்தின்படி 40-க்குக் கீழே வெள்ளை அட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். சிகிச்சையில் மாறக்கூடிய இழப்பு என்றால் காலக்கெடு போட்ட தற்காலிகச் சான்றுதான் வரும். தேதி முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

அட்டை வந்ததும் ஆட்சியர் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் காதொலிக் கருவி அங்கே இலவசம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் திட்டத்திலும், அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனத்தின் முகாம்களில் கருவி தருகிறார்கள். மாத வருமானம் 22,500 ரூபாய் வரை முழுச் செலவும், 30,000 வரை பாதியும் அரசு ஏற்கும். பெரியவர்கள் 3 ஆண்டுக்குள் மறுபடி வாங்க முடியாது. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஓராண்டு. மாத ஓய்வூதியம் 1,500 ரூபாய் வருவாய்த் துறையில் வருகிறது, அதற்குத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

கருவியை உங்கள் வரைபடத்துக்கு ஏற்ப ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அமைத்துத் தந்தாரா என்று கேளுங்கள். உங்கள் காதின் வடிவத்துக்கு அச்சு எடுக்காமல் ரப்பர் முனையை மட்டும் மாட்டினால் 'விய்' என்று விசில் அடிக்கும், நாலு நாளில் பீரோவுக்குள் போய்விடும். உப்புக் காற்றும் வியர்வையும் பேட்டரி முனையைச் சீக்கிரம் அரிக்கும். இரவில் கருவியைத் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டதாகத் தோன்றினால் சண்டை போட வேண்டியதில்லை. சான்றளிக்கும் அலுவலரின் முடிவுக்கு எதிராக மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59-வது பிரிவு வழி தருகிறது. மனுவோடு வரைபடத்தின் நகலையும், இருந்தால் பெரா அறிக்கையையும் இணைத்துக் கொடுங்கள்.