20 கிலோவை அசையாமல் பிடிப்பது எப்படி?

மகளை வில்வித்தைப் பயிற்சியில் சேர்த்துவிட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு மாதமாக ரப்பர் பட்டையை இழு, பிடி, எண்ணு, விடு என்றே போகிறது. மீதி நேரத்துக்குத் தண்டால், பிளாங்க். வில்லை இழுக்கிற அளவுக்குத் தெம்பு அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. குறி பார்க்கிற விளையாட்டுக்கு எதற்குச் சார் இத்தனை உடற்பயிற்சி?"

கோச் செய்வது சரிதான். குறி பார்ப்பதற்காகத்தான் அந்த உடற்பயிற்சியே. எப்படி என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

ஒலிம்பிக்கில் ரீகர்வ் வில்லை (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) பயன்படுத்தும் ஆண்கள் 45 முதல் 50 பவுண்டு வரை இழுக்கிறார்கள். பெண்கள் கொஞ்சம் குறைவாக. தோராயமாக 44 பவுண்டு, அதாவது 20 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். தகுதிச் சுற்றில் 72 அம்புகள். 72ஐயும் 20ஐயும் பெருக்கி 1,440 கிலோ என்று சொல்லி அசத்துவார்கள். அதில் எனக்கு மலைப்பு ஒன்றுமில்லை. 20 கிலோ இழுக்கிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். இழுத்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இலக்கு 70 மீட்டர் தள்ளி நிற்கிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ.; நடுவிலிருந்து 6.1 செ.மீ. விலகினால் பத்து கிடையாது. இந்த விலகலை 70 செ.மீ. அம்பின் நீளத்துக்குச் சுருக்கிப் பாருங்கள்: 0.6 மில்லிமீட்டர். அம்பின் வால் நாணில் அசையாமல் இருந்து, முனை மட்டும் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நகர்ந்தால் பத்து ஒன்பதாகிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் இறுதிப் போட்டியில் கொரியாவின் கிம் வூ-ஜின்னும் அமெரிக்காவின் பிராடி எலிசனும் சமநிலையில் முடித்து, ஆளுக்கு ஓர் அம்பு எய்தார்கள். இரண்டும் பத்துதான். கிம்மின் அம்பு நடுப்புள்ளிக்கு 4.9 மி.மீ. கூடுதல் நெருக்கம், தங்கம் அவருக்குப் போனது.

ஆக, 20 கிலோ விசையைத் தாங்கியபடி சில விநாடிகள் நிற்க வேண்டும், அரை மில்லிமீட்டர்கூட நடுங்கக் கூடாது. ஆனால் தசை என்பதே நடுங்கித்தான் வேலை செய்கிறது.

தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தனக்கென்று ஒரு கொத்துத் தசை இழைகளை வைத்திருக்கிறது. அணுவும் அதன் இழைகளும் சேர்ந்தால் ஓர் 'இயக்க அலகு'. 1925இல் உடலியல் ஆய்வாளர்கள் லிடெல்லும் ஷெரிங்டனும் வைத்த பெயர். கண்விழியைத் திருப்பும் தசையில் ஓர் அலகுக்குப் பத்து இழைகள் போல இருக்கும்; கெண்டைக்கால் தசையில் ஆயிரத்தையும் தாண்டும். அணுவிலிருந்து ஒரு மின்துடிப்பு வந்தால் அதன் இழைகள் மொத்தமும் ஒருமுறை வெட்டி இழுக்கும். பாதி இழை, முக்கால் இழை என்ற பேச்சே கிடையாது. விசை கூட வேண்டுமென்றால் இரண்டு வழிகள்: வேலை செய்யும் அலகுகளை இன்னும் வேகமாகத் துடிக்க வைக்கலாம், அல்லது சும்மா இருக்கும் அலகுகளைப் புதிதாக இறக்கலாம்.

யாரை முதலில் இறக்குவது? மூளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 1957இல் உடலியல் ஆய்வாளர் எல்வுட் ஹெனிமன் பூனைகளை வைத்துச் செய்த சோதனையில் இதற்கான விடை கிடைத்தது: சின்ன நரம்பணுக்கள் முதலில், பெரியவை கடைசியில். எப்போதும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். இதற்குக் காரணம் பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி. சின்ன அணுவுக்குப் பரப்பு குறைவு. எனவே அதன் சவ்வில் மின்தடை அதிகம். மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் மின்னழுத்தம். எல்லா அணுக்களுக்கும் ஒரே அளவு மின்னோட்டம் வந்தாலும், தடை அதிகமுள்ள சின்ன அணுவில்தான் மின்னழுத்தம் முதலில் எகிறும். அது முதலில் துடிக்கும். கட்டளை பலமாக ஆக, அடுத்த பெரிய அணு, அதற்கடுத்தது என்று தானாகவே வரிசை கட்டும். மேலாளர் யாரும் தேவையில்லை. உடலியலில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு வேறு எதையும் நான் படித்ததில்லை.

சின்ன அலகுகளின் இழைகள் மெதுவானவை, லேசில் களைக்காதவை, ஒவ்வொன்றின் இழுப்பும் சிறியது. பெரிய அலகுகள் முரடு: பலம் அதிகம், களைப்பும் சீக்கிரம். தேர் வடத்தைப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு தருணத்தில் வெட்டி இழுத்தாலும், ஆயிரம் பேரின் சிறு இழுப்புகள் ஒன்றோடொன்று கலந்து தேர் சீராக நகர்கிறது. நான்கு பயில்வான்கள் நடுவில் வந்து அவரவர் தாளத்தில் இழுக்க ஆரம்பித்தால் தேர் குலுங்கும். தசையில் இதைவிட மோசம். புதிதாக இறங்கிய பெரிய அலகு விநாடிக்குப் பத்து முறை என்ற மெதுவான வேகத்தில்தான் ஆரம்பிக்கும். அந்த வேகத்தில் அதன் துடிப்புகள் ஒன்றுடன் ஒன்று ஒட்டாது. தனித்தனிக் குலுக்கல்களாகவே வெளியே வரும். கையை நீட்டிப் பிடித்தால் விரல்நுனியில் தெரிகிற நடுக்கமும் விநாடிக்கு 8 முதல் 12 தான். இது நோயில்லை, எல்லோருக்கும் உண்டு.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவரால் அந்த நிலையில் அதிகபட்சம் 40 கிலோ இழுக்க முடியும்; இன்னொருவரால் 60. வில் இருவருக்கும் 20 கிலோதான். முதலாமவர் தன் பலத்தில் பாதியைச் செலவழிக்கிறார். முரட்டு அலகுகளில் பல ஏற்கெனவே இறங்கிவிட்டன. இரண்டாமவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். பெரும்பாலும் சின்ன அலகுகளே பார்த்துக்கொள்கின்றன. இருவருமே வில்லை இழுத்துவிடுவார்கள், நடுக்கம்தான் வேறு. இன்னொன்று: தசை இறுகினால் அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் நசுங்கும். முழுப் பலத்தில் பாதியை அசையாமல் பிடித்தால் ஒரு நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும் என்று 1960லேயே ரோமர்ட் என்ற ஆய்வாளர் வரைபடம் போட்டார். அந்த நிமிடம் முடிவதற்கு வெகு முன்பே நடுக்கம் வந்துவிடும்.

ரப்பர் பட்டையும் "பிடி, எண்ணு"வும் இதற்காகத்தான். முழு இழுப்பு நிலையில் 30 விநாடி நின்று, ஒரு நிமிடம் ஓய்ந்து, திரும்பவும் நிற்பது பல அணிகளில் வழக்கம். வேலை செய்ய வேண்டியவை தோள்பட்டை எலும்பை முதுகெலும்பை நோக்கி இழுக்கும் நடுமுதுகுத் தசைகள். புஜம் உப்பியிருப்பதால் பெரிய பிரயோஜனமில்லை; அது கொக்கி மாதிரி இருந்தால் போதும். வில்லைத் தாங்கும் கைக்குத் தண்டால், இடுப்புக்கு மேல் ஆடாமல் இருக்கப் பிளாங்க். அவ்வளவுதான் பட்டியல்.

முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று கூடும், ஆனால் கை சுற்றளவு அப்படியே இருக்கும். ஏனென்றால் முதலில் தேறுவது நரம்பு. தசை பிறகுதான் பருக்கிறது. 1894லேயே யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள்; சும்மா இருந்த மறு கையும் பலம் பெற்றிருந்தது. கடைசியாகத் தேறுவது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள். அவற்றுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மாதக்கணக்கில் நேரம் வேண்டும். தசை தயாராகிவிட்டதே என்று வில்லின் பவுண்டை ஏற்றுகிறவர்கள் தோளைக் கெடுத்துக்கொள்வது இந்த இடைவெளியில்தான். ஒரு தடவைக்கு இரண்டு பவுண்டு ஏற்றினால் போதும்.

அவசரப்பட்டால் எலும்பே சாட்சி சொல்லும். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் போர்க்கப்பல் 1545இல் மூழ்கியது. 1982இல் மேலே தூக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நீள்வில்கள் கிடைத்தன. பலவற்றின் இழுவிசை 100 பவுண்டுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். கூடவே கிடைத்த எலும்புக்கூடுகளில், தோள் உச்சியில் இருபது வயதுவாக்கில் ஒட்டிவிட வேண்டிய சிறு எலும்புத்துண்டு ஒட்டாமலே இருந்தது வழக்கத்தைவிட அதிகம். சிறு வயதிலிருந்தே கனமான வில்லை இழுத்ததன் தடம் இது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இதைப் படித்துவிட்டு, "வளரும் வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். முறையான மேற்பார்வையில், அளவான எடையில் பிள்ளைகள் பயிற்சி செய்தால் வளர்ச்சி தடைபடும் என்பதற்கு ஆதாரமில்லை. பெண் பிள்ளை தண்டால் எடுத்தால் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுவாள் என்பதும் அதே ரகப் புருடா. ஐந்து கிலோ டம்பெல்லுக்குப் பயப்படுகிற வீடுகளில்தான், என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத புரோட்டீன் டப்பா அலமாரியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

1988 முதல் ஒலிம்பிக் வில்வித்தையில் இந்தியா கலந்துகொள்கிறது. பாரிஸ் வரை ஒரு பதக்கமும் இல்லை. தீரஜ், அங்கிதா ஜோடி பாரிஸில் நான்காம் இடம். கொரியப் பெண்கள் அணியோ அதே 1988 முதல் தொடர்ந்து பத்துத் தங்கம். திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். தோலின்மேல் ஒட்டும் மின்முனைகளை வைத்து எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று பார்க்கும் கருவி ஒன்றும் அதிசயமில்லை. மாவட்டத்துக்கு ஒன்று வைத்து, அதைப் படித்துச் சொல்ல ஓர் உடலியல் பட்டதாரிக்குச் சம்பளம் கொடுத்தால் எத்தனையோ தோள்கள் தப்பிக்கும். வென்று வந்த பிறகு கொடுக்கும் கோடிகளில் ஒரு துளி போதும் இதற்கு.

ஓட்டம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஆறு ஆறாக 72 அம்புகள் என்றால் இலக்குவரை போய்ப் பிடுங்கிவர 12 நடை, கிட்டத்தட்ட 1.7 கிலோமீட்டர், அதுவும் வெயிலில். அதைவிட முக்கியம் இதயம். ஒவ்வொரு துடிப்பும் உடம்பை மிக லேசாக உலுக்குகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்களின் இதயத்துடிப்பை டிவியில் காட்டினார்கள். பெண்கள் இறுதிப் போட்டியின் கடைசி அம்பின்போது எதிராளியின் துடிப்பு 160ஐத் தாண்டியிருக்க, வென்ற கொரியாவின் ஆன் சானுடையது 120ஐத் தொடவில்லை. 160 என்றால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 0.375 விநாடி, 120 என்றால் 0.5. பதற்றத்தில் துடிப்பு எகிறுவதை ஓட்டப்பயிற்சி நிறுத்தாது. ஆனால் புறப்படும் இடமே 80க்குப் பதில் 60 ஆக இருந்தால், எகிறிய பிறகும் கொஞ்சம் கீழேயே நிற்க வாய்ப்பு கூடும். வாரத்தில் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில், அரை மணி நேரம் ஓடினால் போதும்.