தோட்ட வீட்டுத் தண்ணீரும் மின்சாரமும்: மீட்டர் யார் பெயரில் இருக்கிறது?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா மாதிரி ஊரில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து (வரிசை) வீடும் அடுத்தடுத்தே இருக்கும். குழாயில் வருவது ஒரே தண்ணீர்தான். ஆனால் தாமான் வீட்டுக்குச் சொந்த மீட்டர் உண்டு. லயத்துக்கு, பல தோட்டங்களில், நிர்வாகத்தின் பெயரில் ஒரே பொது மீட்டர். சலுகைகள் பெரும்பாலும் தவறிப்போவது இங்கேதான். சிலாங்கூர் அரசு மாதம் 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர், இலவசமாகத் தருகிறது. வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பம் விண்ணப்பிக்கும்போது தண்ணீர் நிறுவனமான ஏர் சிலாங்கூரின் கணக்கு எண்ணைக் காட்ட வேண்டும். அரசின் வறுமைப் பதிவேடான இ-காசே பட்டியலில் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை மின்கட்டணக் கழிவு உண்டு. அதற்கு மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலில் கணக்கு வேண்டும்.

வேலையில் இருப்பவர்களுக்கு வேறொரு பிடி இருக்கிறது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி, வீடு கொடுக்கும் முதலாளி போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். வீட்டுக்கு மின் வசதியும் செய்து தர வேண்டும். இச்சட்டம் 2019இல் திருத்தப்பட்டது; அந்தத் திருத்தம் 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே சம்பளச் சீட்டில் "தண்ணீர்" என்று ஒரு பிடித்தம் இருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மின்சாரம் இலவசம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அனுமதிக்காத எந்தப் பிடித்தமும் செல்லாது.

தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் உடனே தண்ணீர் நிறுவனத்தைக் குறை சொல்ல வேண்டாம். பொது மீட்டருக்கு வீட்டுப் பக்கம் உள்ள குழாய்கள் தோட்டத்தின் பொறுப்பு. பழைய இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்துச் சுருங்கிவிடும். அதனால் வரிசையின் கடைசி வீடுதான் முதலில் காயும். தோட்டத்தின் தண்ணீர்த் தொட்டி 5 மீட்டர் உயரத்தில் நின்றால் குழாயில் கிடைப்பது அரை பார் அழுத்தம்தான். ஓர் இரவு எல்லா வீட்டிலும் குழாயை மூடச் சொல்லிவிட்டு, தொட்டியும் நிரம்பிய பிறகு, பொது மீட்டரைப் பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் மண்ணுக்கடியிலோ வேறெங்கோ கசிகிறது. அதை வீடியோ எடுத்து வையுங்கள்.

புகாரை வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். தண்ணீர் நின்ற தேதி, நேரம், பாதித்த வீட்டு எண்களைக் குறித்து, நிர்வாகத்திடம் கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்; தொழிலாளர் புகார்களுக்கான ஒர்க்கிங் ஃபார் ஒர்க்கர்ஸ் என்னும் கைப்பேசிச் செயலியிலும் பதியலாம்.

ஓய்வு பெற்றும் லயத்திலேயே இருப்பவர்கள் நிலைதான் கடினம். 446ஆவது சட்டம் தொழிலாளிக்கானது. வேலை முடிந்ததும் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. தனி மீட்டர் கேட்டால் நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். மின்சாரத்துக்குப் பதிவு பெற்ற மின் குத்தகையாளர் வயரிங்கைச் சோதித்து விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சம்மதக் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.