சத்தில்லாத கடலில் தழைக்கும் சின்ன உயிர்

கரையோரத்தில் கடல் பச்சையாகவோ கலங்கலாகவோ தெரியும். நடுக்கடலுக்குப் போகப் போகத் தண்ணீர் தெளிந்து கருநீலமாகிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தத் தெளிவுக்குக் காரணம் அங்கே சத்து இல்லாததுதான். நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாமே மிகக் குறைவாக இருக்கும் தண்ணீரில் பெரிய பாசிகள் பெருக முடியாது. அதனால்தான் வெப்ப மண்டல நடுக்கடல்களைக் கடல் பாலைவனங்கள் என்று சொல்லிவந்தார்கள்.

அந்தப் பாலைவனத்து நீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்துப் பார்த்தால், ஒளிச்சேர்க்கை செய்யும் செல்கள் ஒரு லட்சம் வரை இருக்கும். பெரும்பாலானவை ஒரே வகை. பெயர் புரோகுளோரோகாக்கஸ். ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களான சயனோபாக்டீரியா குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு செல்லின் குறுக்களவு சுமார் 0.6 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் நூறு செல்களை வரிசையாக நிறுத்திவிடலாம். பூமியில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் மிகச் சிறியதும் இதுதான், எண்ணிக்கையில் மிக அதிகம் உள்ளதும் இதுதான்.

இவ்வளவு பெரிய கூட்டம் 1980-களின் நடுப்பகுதி வரை யார் கண்ணிலும் தனியாகப் படவில்லை. கடல் ஆய்வாளர்கள் சாலி சிஷோம், ராபர்ட் ஓல்சன் குழுவினர் லேசர் ஒளியில் செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வட அட்லாண்டிக்கில் உள்ள சர்காசோ கடலுக்குப் போனார்கள். திரையின் ஓரத்தில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் கருவியின் இரைச்சல் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஆழத்துக்கு ஆழம் அந்தப் புள்ளிகள் ஓர் ஒழுங்கோடு மாறின. இரைச்சல் அப்படி மாறாது. 1988-ல் கண்டுபிடிப்பு வெளியானது.

சரி, சத்தே இல்லாத தண்ணீரில் இது எப்படித் தழைக்கிறது? எனக்குத் தெரிந்தவரை ஒரே பதில்தான்: இல்லாமல் சமாளிக்கக்கூடிய ஒவ்வொன்றையும் விட்டுவிட்டது.

முதலில் விட்டது உடம்பை. நீரில் கரைந்திருக்கும் சத்து, செல்லின் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். உருண்டையான செல்லின் ஆரம் பாதியானால், அதன் கொள்ளளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு இரண்டு மடங்காகும். சின்னதாக இருந்தால் தேவையும் குறைவு, உறிஞ்சும் பரப்பும் அதிகம்.

அடுத்தது ஜீன்கள். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவிடம் நாலாயிரத்துக்கு மேல் ஜீன்கள் உண்டு. புரோகுளோரோகாக்கஸின் மெட்4 என்ற வகையிடம் சுமார் 1,700 மட்டுமே. டிஎன்ஏ செய்யப் பாஸ்பரஸ் வேண்டும், நைட்ரஜன் வேண்டும். இரண்டுமே அரிதான இடத்தில் ஒவ்வொரு ஜீனுக்கும் விலை கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான உயிர்கள் செல் சவ்வுக்குப் பாஸ்பரஸ் உள்ள கொழுப்பைப் பயன்படுத்துகின்றன. இது அந்த இடத்தில் பெரும்பாலும் கந்தகம் உள்ள கொழுப்பை வைத்துக்கொள்கிறது. கடல்நீரில் கந்தகத்துக்குப் பஞ்சமே இல்லை. இந்த உயிரைப் பற்றிப் படித்ததில் என்னை மிகவும் அசத்திய விஷயம் இதுதான்.

வெளிச்சத்திலும் இப்படித்தான். கடலில் ஆழம் போகும் ஒளி நீலம். இதன் குளோரோபில் சாதாரணக் குளோரோபில்லிலிருந்து சற்றே மாறுபட்டது. நீல ஒளியை நன்றாகப் பிடிக்கும். எனவே 150, 200 மீட்டர் ஆழத்திலும், மேற்பரப்பு ஒளியில் ஒரு சதவீதம்கூட எட்டாத இடத்திலும், வாழ முடிகிறது. ஆனால் ஒரே செல் எல்லா ஆழத்திலும் வாழ்வதில்லை. மேலே பளீரென்ற வெயிலுக்குப் பழகிய வகைகள், கீழே மங்கலுக்குப் பழகிய வகைகள் என்று அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கின்றன. அரபிக்கடலில் ஆக்சிஜன் கிட்டத்தட்டத் தீர்ந்துபோன அடுக்கின் மேல்விளிம்பில்கூட மங்கல் ஒளிக்கான வகைகள் கூட்டமாக இருக்கின்றன.

விட்டவற்றில் ஒன்று ஆபத்தானது. வெயில் பட்ட கடல்நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். அது செல்லைக் கொல்லும். மற்ற பல பாக்டீரியாக்கள் அதை உடைக்கக் கேட்டலேஸ் என்ற நொதியை வைத்திருக்கின்றன. புரோகுளோரோகாக்கஸிடம் அது இல்லை. பக்கத்தில் வாழும் பாக்டீரியாக்கள் தங்கள் நலனுக்காகப் பெராக்சைடை உடைக்கும்போது சுற்றியுள்ள நீரும் சுத்தமாகிறது, இதுவும் பிழைக்கிறது. ஜெஃப்ரி மோரிஸ், ரிச்சர்ட் லென்ஸ்கி, எரிக் சின்சர் மூவரும் 2012-ல் இதைக் கறுப்பு ராணிக் கருதுகோள் என்று விளக்கினார்கள். ஹார்ட்ஸ் சீட்டாட்டத்தில் இஸ்பேட் ராணி கையில் தங்கினால் நஷ்டம், தள்ளிவிட்டவருக்கு லாபம். ஆனால் யாரோ ஒருவர் கையில் அது இருந்தே ஆக வேண்டும்.

நல்ல நிலையில் இந்தச் செல் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை இரண்டாகிறது. பகலில் ஒளிச்சேர்க்கை, மாலையில் டிஎன்ஏ நகலெடுப்பு, இரவில் பிரிதல். ஆனாலும் மொத்த எண்ணிக்கை பெருகுவதில்லை, ஏனென்றால் பிறந்த அளவுக்கு அழிகிறது. சில மைக்ரோமீட்டரே உள்ள ஒருசெல் உயிரிகள் இதைத் தின்கின்றன. வைரஸ்களும் தாக்குகின்றன. அந்த வைரஸ்களில் பல, ஒளிச்சேர்க்கைக்கான ஜீனையே தங்களோடு கொண்டுவருகின்றன. தாக்கப்பட்ட செல் சாகும்வரை சூரிய ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆற்றலில்தான் புதிய வைரஸ்கள் உருவாகின்றன.

இப்படி ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் கார்பனை இது உயிர்ப்பொருளாக்குகிறது என்பது மதிப்பீடு. அதில் மீனாகி நம் வலைக்கு வருவது சொற்பம். சின்னஞ்சிறு உயிரி தின்று, அதைச் சற்றுப் பெரியது தின்று, அதைக் கோபிபாடு என்ற சிறிய இறால் இன உயிரி தின்று என்று படிகள் அதிகம்; ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி செலவாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் கேரளக் கரையோரம் அடிநீர் மேலே வரும்போது பெரிய டயாட்டம் பாசிகள் பெருகி, மத்தி அவற்றை நேராகவே தின்னும். அங்கே மீன்வளம் செழிக்க அதுவும் ஒரு காரணம்.

கடல் சூடானால் இந்தச் சிக்கனக்காரன் இன்னும் பரவும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். சூடான மேல்நீர் கீழுள்ள சத்தான நீரோடு கலக்காது, பாலைவனம் விரியும், இதற்கு நல்லதுதானே என்று. 2025-ல் பிரான்சுவா ரிபாலே குழு, பல ஆண்டுகளாகக் கப்பல்களில் எண்ணிய செல்களை வைத்து வேறு முடிவுக்கு வந்தது. 28 டிகிரி செல்சியஸ் வரை செல் பிரியும் வேகம் கூடுகிறது. அதைத் தாண்டினால் வேகமாகக் குறைகிறது. வெப்பத்தைத் தாங்க உதவும் ஜீன்களையும் அது எப்போதோ விட்டிருக்கலாம் என்கிறார்கள். வங்காள விரிகுடாவின் மேல்நீர் கோடையில் இப்போதே 30 டிகிரியைத் தொடுகிறது. புரோகுளோரோகாக்கஸின் உறவான சினெகோகாக்கஸ் சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும், காலி இடத்தை ஓரளவு நிரப்பவும் கூடும். ஆனால் அது பெரிய செல், அதற்குச் சத்து அதிகம் வேண்டும்.