பதினெட்டு வயது முடிந்த பிறகும் படிக்கலாம்: மாற்றுத்திறனாளிப் பெரியவர்களும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ஐப் புரட்டினால் 18 என்ற எண் இரண்டு விதமாகக் கண்ணில் படும். 31ஆம் பிரிவில் அது வயது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளை 6 வயதிலிருந்து 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். இன்னொன்று 18ஆம் பிரிவு. வயது வந்தோர் கல்வியிலும் தொடர்கல்வியிலும் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. முதல் பதினெட்டு பலருக்கும் தெரியும். இரண்டாவதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. "பதினெட்டு முடிஞ்சிருச்சுங்க, இனி எங்கங்க சேர்ப்பாங்க?" என்று ஒரு தாய் கேட்டால், பதில் தெரியாமல் ஆசிரியரும் சேர்ந்து பெருமூச்சு விடுவதுதான் நடக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பிரிவுகளுக்கும் எடை ஒன்றல்ல. 31ஆம் பிரிவு பிள்ளையின் கையில் இருக்கும் உரிமை. 18ஆம் பிரிவு அரசின் மேல் சுமத்தப்பட்ட கடமை. அதைக் காட்டி 25 வயதுக்காரருக்கு ஒன்பதாம் வகுப்பில் இடம் கேட்க முடியாது. அந்தக் கடமையை நிறைவேற்ற என்ன திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறதோ அதில் இடம் கேட்கலாம். கொடுக்க மறுத்தால் காரணம் கேட்கலாம். அதே சட்டத்தின்படி, ஒருவரின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றத்தைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான்.

எழுத்தே தெரியாதவர்களுக்கு

பள்ளிப் பக்கமே போகாதவர்கள், மூன்றாம் வகுப்போடு நின்றவர்கள் ஆகியோருக்கு உள்ள வழி புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுத் திட்டம் இது. மத்திய, மாநிலப் பங்கு சேர்த்து 1,037.90 கோடி ரூபாய். நாடு முழுக்க 5 கோடிப் பேருக்கு எழுத்தறிவு என்பது இலக்கு. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சேரலாம். மேல் வயது வரம்பு இல்லை. தமிழ்நாட்டில் இதை நடத்துவது பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம். முன்னுரிமை பெறுவோர் பட்டியலில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரோடு மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள். ஏற்காடு மலையில் மாரமங்கலம், நாகலூர்ப் பக்கம் வாழும் ஒரு மாற்றுத்திறனாளி மலையாளிப் பழங்குடிப் பெண் அந்தப் பட்டியலில் மூன்று இடத்தில் வருகிறார். ஆனாலும் கணக்கெடுக்க வருபவர் "அந்தப் பிள்ளைக்கு வராதுங்க" என்ற வீட்டார் பேச்சைக் கேட்டுப் பெயரை விட்டுவிட்டுப் போய்விட்டால், முன்னுரிமை தாளோடு சரி. ஆகவே வீட்டுக்கு ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நேரில் போய்ப் பெயர் கொடுப்பதே மேல். இந்தத் திட்டத்துக்கு அடித்தளமே பள்ளிதான்.

சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள், சம்பளம் கிடையாது. முடிவில் ஒரு தேர்வு உண்டு. வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண். தேறினால் சான்றிதழ்.

தன்னார்வலராக வரும் கல்லூரி மாணவிக்கோ ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ சிறப்புக் கல்வியில் பயிற்சி இருக்காது. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் சில விஷயங்களை முதல் நாளே பிடித்துக்கொள்ளலாம். வந்திருப்பவர் பெரியவர். "வாடா தம்பி, அ சொல்லு" என்று தொடங்கினால் மறுநாள் வரமாட்டார். "வாங்கண்ணா", "உக்காருங்கக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புப் படப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிடுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் சேலத்தில் சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் எடுபிடி வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதல் பாடம் தராசில் விழும் கிராம் எண், கூலிச் சீட்டில் இருக்கும் தன் பெயர், ஏற வேண்டிய பேருந்தின் பெயர்ப்பலகை. இந்த மூன்றையும் அடையாளம் கண்டுகொண்டால் மீதி எழுத்துக்கு அவரே வருவார். ஒரே சொல்லை இருபது முறை, வேறு வேறு இடத்தில் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும். அதில் பொறுமை இல்லாதவர்கள் வேறு கற்போரை எடுத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

காது கேளாத பெரியவருக்குத் தமிழ் காதில் விழுந்து வளர்ந்த மொழி இல்லை. சைகையில் யோசிப்பவர் எழுதும் தமிழில் வேற்றுமை உருபுகள் இடம் மாறியிருந்தால் அதை முட்டாள்தனமாக எண்ணிவிடக் கூடாது. வாய் அசைவைப் பார்க்க வசதியாக வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். நடுவயதில் பார்வை போனவருக்கு பிரெய்ல் புள்ளிகள் விரலுக்குப் பிடிபட நாளாகும். தறியிலும் பட்டறையிலும் காய்த்துப்போன விரலுக்கு இன்னும் கடினம். அவருக்குக் கைப்பேசியில், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருளைப் பழக்கிவிடுவது உடனே பலன் தரும். மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம், தோராயமாக நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, யாரும் மாலை வகுப்புக்கு வரமாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டே அட்டவணை போட வேண்டும். வராததற்கு அவர்கள் குறைபாட்டைக் காரணம் காட்டாதீர்கள்.

சிறப்புப் பயிற்றுநர் யாருக்கு?

இந்த ஏற்பாட்டில் ஓட்டை இருப்பது இங்கேதான். பள்ளிகளில் சிறப்பு ஆசிரியர் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பை அடுத்து 2022இல் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை திருத்தப்பட்டது. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒருவர், ஆறிலிருந்து எட்டு வரை பதினைந்து பேருக்கு ஒருவர். இந்தக் கணக்கில் வருவது பள்ளிப் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகள் மட்டும். அதே கட்டடத்தில் மாலையில் வந்து உட்காரும் பெரியவர் எந்தப் பதிவேட்டிலும் மாணவர் இல்லை. எனவே அவருக்கென்று சிறப்பு ஆசிரியர் பணியிடம் உருவாகாது. எல்லாரையும் சேர்த்துக்கொண்டு கற்பிக்கும் உள்ளடங்கிய கல்வி என்று பகலில் பெருமையாகச் சொல்லும் பள்ளி, மாலையானதும் அதை மறந்துபோகிறது என்பது என் கருத்து.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை பள்ளிப் பிள்ளைகளோடுதான். என்றாலும் தன்னார்வலர்கள் போய் ஒரு மணி நேரம் கேட்டு, ஒரு கற்போரைப் பற்றிப் பேசி, எப்படித் தொடங்குவது என்று தெரிந்துகொண்டு வரலாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: சிறப்புக் கல்வியாளராகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். தன்னார்வலர் கற்பிக்கலாம், ஆனால் "இவருக்கு ஆட்டிசம்", "அவருக்கு டிஸ்லெக்சியா" என்று முத்திரை குத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே கிடைக்கும் சான்று, அதை வைத்து வாங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) ஆகிய இரண்டும்தான் பின்னால் தேர்வுச் சலுகைக்குத் தேவைப்படும். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. சக்கர நாற்காலியோடு இறங்கி ஏறுவது ஒரு நாள் கூலியைத் தின்னும். அட்டைக்கு இணையவழியில் முன்பே விண்ணப்பித்துவிட்டுப் போனால் ஒரு நடையாவது மிஞ்சும். நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்தில் 75 சதவீதச் சலுகை.

எட்டும் பத்தும் எழுத

ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்தவர் சான்றிதழுக்குப் போக இரண்டு பாதை. ஒன்று, மாநில அரசுத் தேர்வை தனித்தேர்வராக எழுதுவது. எட்டாம் வகுப்புக்கு 12½ வயது, பத்தாம் வகுப்புக்கு 14½ வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை முதன்முறை நேரடியாக எழுதுபவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு அந்த ஆண்டே போச்சு என்று நிற்பவர்கள் நிறைய. மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், குறைபாட்டின் வகையைப் பொறுத்து மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பித்து ஆணை வாங்கியிருக்க வேண்டும். தேர்வு நாள் காலையில் அறைக் கண்காணிப்பாளரிடம் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

மற்றது தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS). அறிவுசார் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ளவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் சொல்வேன். பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம் போதும். கணிதம் கட்டாயம் இல்லை. மனையியல், ஓவியம் போன்றவற்றையும் எடுக்கலாம். தமிழ் வழியும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது முறை எழுதலாம். தேறிய பாடத்தின் மதிப்பெண் அப்படியே நிற்கும். கட்டணத்திலும் சலுகை இருக்கிறது. பத்து வரை போக முடியாதவர்களுக்கு 3, 5, 8 வகுப்புகளுக்கு ஈடான மூன்று நிலைகள் கொண்ட அடிப்படைக் கல்வியும் அங்கே உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் குறைவாக எண்ண வேண்டாம். ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேர அது போதும்.

கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடமும், மேல் வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வும் சட்டத்தின் 32ஆம் பிரிவிலேயே இருக்கின்றன.

கையெழுத்து யாருடையது?

பதினெட்டு ஆனதும் பெற்றோர் தாமாகவே காப்பாளராகத் தொடர்வதில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்தோ கைரேகையோ படிக்கிறவருடையது. என்ன பாடம், எந்த நேரம் என்று கேட்க வேண்டியதும் அவரிடம்தான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவருக்குச் சட்டப்படி காப்பாளர் தேவைப்பட்டால், தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். எல்லாருக்கும் இது தேவையில்லை. எழுத்தறிவு வகுப்பில் சேரக் காப்பாளர் சான்று கொண்டுவா என்று யாராவது கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இடம் மறுத்தால், சலுகை மறுத்தால் முதலில் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் பார்க்கலாம். அதோடு, 2016 சட்டத்தின்படி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம். மனுவில் தேதி போட்டு, ஏற்பு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.