எடை குறைந்த பிறகுதான் சிகிச்சை தொடங்குகிறது

உடல் எடையைக் குறைக்க வழி கேட்டு என்னிடம் வருகிறவர்களில் முதல் முறையாக முயல்கிறவர்கள் மிகச் சிலரே. கல்யாணத்துக்கு முன் ஒரு முறை, பிள்ளை பிறந்த பிறகு ஒரு முறை, பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் ஒரு முறை என்று எட்டு கிலோ, பத்து கிலோ குறைத்து, குறைத்ததை எல்லாம் இரண்டொரு ஆண்டுகளில் திரும்பப் பெற்றவர்களே அதிகம். பேலியோ, டப்பாவில் வரும் பவுடர் பானம், காலையில் கொள்ளுக் கஞ்சியும் இரவில் வெறும் பழமும், ஓராண்டுக்குச் சேர்த்துப் பணம் கட்டிய ஜிம் என எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். எந்த உணவில் எத்தனை கலோரி என்று அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. ஆனால், ஏறக்குறைய எல்லோரும் தங்களைப் பற்றி ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: "எனக்கு வாயைக் கட்டத் தெரியலை டாக்டர்." இந்தத் தீர்ப்பு தவறானது. அடுத்த முயற்சியைத் தொடக்கத்திலேயே கெடுப்பதும் அதுதான்.

இளைத்த உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது இன்று நன்றாகவே தெரியும். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லைபல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் பத்து சதவீதத்தைக் குறைத்து அதே நிலையில் நிறுத்தப்பட்டவர்களின் உடல், அந்த உருவத்துக்கு இவ்வளவு செலவாகும் என்று எதிர்பார்க்கப்பட்டதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவான ஆற்றலையே செலவிட்டது. 2011இல் மெல்பர்ன் நகரில் ஐம்பது பேருக்குப் பத்து வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்த மருத்துவர்கள், ஓராண்டு கழித்து அவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் உயர்ந்தே இருந்தது. போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் போன்றவை தாழ்ந்தே இருந்தன. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த கெவின் ஹால் குழுவினர் 2016இல் தந்த விவரம் இன்னும் கடுமையானது. சராசரியாக 58 கிலோ குறைத்திருந்த அவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அப்படியும் அவர்களுடைய உடல், ஓய்வு நிலையில், எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது.

தாது வருஷப் பஞ்சத்தையும் நாமாக இருக்கும் டயட்டையும் உடலால் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் அது செய்வது ஒன்றேதான்: செலவைச் சுருக்கும், பசியைக் கூட்டும், இழந்ததை மீட்கும் வரை ஓயாது. ஆகவே, பத்து கிலோ குறைத்த ஒருவர் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடை ஏறுவதற்கு அவருடைய ஒழுக்கக் குறைவைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. எண்பது கிலோ உடலுக்குச் சரியாக இருந்த உணவு எழுபது கிலோ உடலுக்கு அதிகம் என்பதே காரணம். எடையைக் குறைப்பது சில மாத வேலை. குறைத்ததைக் காப்பது இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பதைப் போல ஆண்டுக்கணக்கான சிகிச்சை. நாமோ முன்னதற்கு மட்டும் திட்டம் போடுகிறோம்.

ஏறி இறங்கும் இந்தச் சுழற்சியில் இன்னொரு நட்டமும் உண்டு. புரதம் இல்லாமல், உடற்பயிற்சி இல்லாமல் வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே வருகிறது. இந்தியர்களாகிய நமக்கு இது சிறிய விஷயம் அல்ல. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யூட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையே ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறைக் குறியீடும் (பி.எம்.ஐ., உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 22.3தான், ஆனால் யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் நம் உடலில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு. நமக்கு இந்தக் குறியீடு 23ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுத்திருப்பதன் காரணம் இதுவே.

பள்ளி ஆசிரியை ஒருவர் தன் எடையை எழுதிவந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு முறை கொண்டுவந்தார். கட்டம் போட்டு, தேதியும் எடையும் நீல மையில், நல்ல கையெழுத்தில். ஜூன் தொடங்கி எண்கள் சீராக இறங்கும். தீபாவளி வாரத்தில் ஒன்றரை கிலோ ஏறும். அதற்கு அடுத்து வெறும் கட்டங்கள். மறுபடி எண்கள் தொடங்குவது அடுத்த ஜூனில். எல்லா ஆண்டும் இதே கதைதான். ஏன் நடுவில் எழுதவில்லை என்று கேட்டேன். "ஏறியிருக்கும்னு தெரியும் டாக்டர், அதைப் போய் எதுக்குப் பார்க்கணும்னு விட்டுட்டேன்" என்றார். ஒன்றரை கிலோ ஏறியது அவரைக் கெடுக்கவில்லை. அதிரசமும் முறுக்கும் சாப்பிட்ட ஒரு வாரத்தில் அது யாருக்கும் ஏறும், அதில் பாதி உப்போடு சேர்ந்து நிற்கும் நீராகக்கூட இருக்கும். எழுதப்படாத அந்தக் கட்டங்களில்தான், பொங்கலும் கல்யாண சீசனும் கோடை விடுமுறையும் கடந்து, ஒன்றரை கிலோ எட்டு கிலோவாகியிருந்தது.

இந்த இடத்தைத்தான் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ரீனா விங் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே எடையைக் குறைத்திருந்த 314 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவினருக்குத் தினமும் எடை பார்க்கவும், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ஏறினால் எச்சரிக்கை, இரண்டே கால் கிலோ ஏறினால் உடனே பழைய குறைப்புத் திட்டத்துக்குத் திரும்புதல் என்று செயல்படவும் பயிற்சி தரப்பட்டது. பதினெட்டு மாத முடிவில், பயிற்சி இல்லாமல் விடப்பட்டவர்களில் 72 சதவீதத்தினர் 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்பப் பெற்றிருந்தார்கள். நேரில் கூடிப் பயிற்சி பெற்றவர்களில் அது 46 சதவீதம். எந்த மாய உணவும் இல்லை. எடையைப் பார்த்ததும், பார்த்த அன்றே செயல்பட்டதும், நேரில் கூடியதுமே இந்த வேறுபாட்டைத் தந்தன.

ஆகவே, என்னிடம் வருகிறவர்களோடு முதலில் பேசி முடிவு செய்வது இலக்கை அல்ல, எல்லையை. குறைத்த எடையிலிருந்து இரண்டு கிலோ ஏறினால் அந்த வாரமே என்ன செய்வீர்கள் என்று அவர்கள் கையாலேயே எழுதச் சொல்கிறேன். இரவில் இரண்டு தோசையோடு நிறுத்துவதா, மாலை டீக்கு வரும் வடையையும் பிஸ்கட்டையும் விடுவதா, நடையை அரை மணி நேரம் கூட்டுவதா என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது. பொங்கல் கழியட்டும், மாதம் பிறக்கட்டும் என்ற பேச்சுக்கு மட்டும் அந்தத் தாளில் இடமில்லை. வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில், ஒரே எடைக் கருவியில் பார்த்தால் போதும். தினமும் பார்த்து மனம் வாடுகிறவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

இலக்கையும் சிறியதாகவே வைக்கச் சொல்வேன். 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், ஏழு சதவீத எடைக் குறைப்பையும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. எண்பது கிலோ உள்ளவருக்கு ஏழு சதவீதம் என்பது ஐந்தரை கிலோ. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய ஆய்விலோ, வாழ்க்கை முறையை மாற்றியவர்களின் எடை பெரிதாகக் குறையாதபோதும் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடைக் கருவி அசையவில்லை என்பதற்காக நடையை நிறுத்திவிட நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

உணவில், நெடுநாள் தாங்கக்கூடிய மாற்றங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டும் அளவுக்கு எளியவை. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்று அளந்து வாங்குவது, சோற்றைக் குறைத்த அளவுக்குக் காயையும் பருப்பையும் கூட்டுவது, ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், சுண்டல், தயிர் என ஏதாவது ஒரு புரதம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. நம் வீடுகளில் பெண்கள் கடைசியாகச் சாப்பிடுவதும், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாகக் கூடாது என்று தாங்கள் முடிப்பதும் நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவுக்கு வந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். இதை அந்தப் பெண் மட்டும் மாற்ற முடியாது. அடுத்த முறை வரும்போது கணவரையோ மகனையோ அழைத்துவரச் சொல்கிறேன்.

சிலவற்றை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. இன்சுலினோ, கிளிமிப்பிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மருந்தின் அளவை முதலில் மாற்ற வேண்டும். எடை ஏறுவதற்குத் தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், குறட்டையோடு வரும் தூக்கக் கோளாறு ஆகியவையும் காரணமாக இருக்கலாம். இரவில் யாருக்கும் தெரியாமல் கட்டுப்பாடின்றி உண்டு, பிறகு குற்ற உணர்வில் தவிப்பவர்களுக்கு வேண்டியது இன்னொரு டயட் அல்ல, மனநல மருத்துவரின் உதவி. 2025இல் இந்தியாவுக்கு வந்த, எடையைக் குறைக்கும் புதிய ஊசிகளைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு அவை நல்ல மருந்துகள்தாம். ஆனால், அவற்றில் ஒன்றான செமாக்ளூடைடு ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதை ஆய்வு காட்டியிருக்கிறது. ஊசியால் குறைத்தாலும், நடந்து குறைத்தாலும், காக்கும் காலத்துக்கான திட்டம் இல்லாமல் தொடங்கக் கூடாது.

எத்தனை முறை தோற்றிருந்தாலும் இது கைகூடும். பதின்மூன்றரை கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது காத்தவர்களை 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முன்பு முயன்று தோற்றவர்களே. பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். நான்கில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் காத்துவிட்டவர்களுக்கு, அதற்குப் பிறகும் காக்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது.

இதனால்தான், இலக்கை எட்டியவர்களிடம் "இனி ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று நான் சொல்வதில்லை. முதல் இரண்டு ஆண்டுகளும் மாதம் ஒரு முறை வரச் சொல்கிறேன். எடை ஏறியிருக்கும் மாதத்தில் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுகிறவர்கள் பலர். அந்த மாதத்தில்தான் நீங்கள் கட்டாயம் வர வேண்டும், நோட்டுப் புத்தகத்தோடு.